எரேமியாவின் கடிதமும் எங்கள் லயமும்

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வரப்போகும் ஆண்டுக்கு உங்களுக்கான வாக்குத்தத்த வசனம் அது. எடுத்த கையோடு பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். "உங்களுக்கு என்னா வந்துச்சு?" என்பார். நல்ல வசனம் கிடைத்தவர் முகத்தில் நாலு நம்பர் லாட்டரி அடித்த மாதிரி ஒரு சந்தோஷம் தெரியும். (அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

அந்தத் தட்டில் அதிகமாகக் கிடைப்பது எரேமியா 29:11. கடவுள் உங்களைப் பற்றி நல்லதையே நினைத்திருக்கிறார், முடிவு நல்லபடியாக இருக்கும் என்கிற வசனம். மலேசியாவின் சிரம்பான் வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் வீடு எதற்குள் நுழைந்தாலும் சுவரிலோ, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ, காடியின் பின்கண்ணாடியிலோ அது ஒட்டியிருக்கும். காலையில் கைப்பேசியைத் திறந்தால் சூரிய உதயப் படத்தோடு வந்து விழும்.

வசனத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற பத்து வசனங்களை வெட்டிப் போட்டுவிட்டு இதை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறோமே, அதில்தான் வழக்கு. கஷ்டம் வருகிறபோது கைகொடுப்பது அந்தப் பத்தும்தான் என்பதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும், கூடவே தச்சர்களையும் கொல்லர்களையும் வாரிக்கொண்டு பாபிலோனுக்குப் போனான். போனவர்களின் நினைப்பெல்லாம் ஊர் திரும்புவதிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இன்னும் இரண்டே வருஷம், போனது எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். அன்றைக்குக் கைதட்டல் அவனுக்குத்தான் விழுந்திருக்கும். 28-ஆம் அதிகாரத்தில் இதைப் படிக்கலாம். அடுத்த அதிகாரத்தில் எரேமியா எழுதி அனுப்புவது வேறு: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற அந்த ஊர் நன்றாக இருக்கவே ஜெபம் பண்ணுங்கள், சொப்பனம் சொல்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள், எழுபது வருஷம் ஆகும். இத்தனையும் சொன்ன பிறகுதான் நம் அட்டை வசனம் வருகிறது.

எழுபது வருஷம் என்றால் என்ன அர்த்தம்? கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர் தன் காலத்தில் ஊர் பார்க்கப் போவதில்லை. அவருக்குத்தான் அந்த நல்ல முடிவு சொல்லப்படுகிறது. இதை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டுக்கான அட்டை எப்படி அச்சடிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இந்தக் கடிதம் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர். தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெற்றோரோடு கப்பலேறி, லாபு பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர். இறையியல் கல்லூரியில் கற்றுக்கொண்ட எதுவும் அவர் சொன்ன ஒரு வார்த்தை அளவுக்கு எனக்கு எரேமியாவைத் திறந்து காட்டவில்லை. "நம்ம கதையதான்டா எழுதி வச்சிருக்காரு. ஆனா வீடு கட்டச் சொல்றாரு பாரு, அதுக்குத்தான் வழியில்ல."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று சரித்திரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1877-இல் சிங்கப்பூருக்கு ரப்பர்க் கன்று வந்தது. 1896-இல் பக்கத்து மலாக்காவில் டான் சே யான் அதை வியாபாரப் பயிராக நட்டார். அதன் பிறகு நெகிரி செம்பிலானின் குன்றுச் சரிவுகளில் காடு அழிந்து கித்தா (ரப்பர்) நிரைகள் எழுந்தன. லாபு, சிலியாவ், சுவா பெத்தோங், ரந்தாவ், பகாவ் என்று வரிசையாகத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. வந்தவர்களுக்குத் தங்க லயம் என்ற வரிசை வீடுகள் கிடைத்தன. லயம் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும், வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு சொல்லும் சட்டம் வரவே 1966 ஆனது. வீடு சொந்தமாவது அந்தச் சட்டத்தில் இல்லாத விஷயம்.

ஆனால் எரேமியாவின் இரண்டாவது கட்டளையை, தோட்டம் போடச் சொன்னதை, அப்பாயி விடவில்லை. லயத்துக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு துண்டு நிலம். மரவள்ளி, பசளை, கத்தரி, பந்தல் போட்டுப் பாகற்காய். பால் எடை போட்டுவிட்டு ஸ்டோரிலிருந்து வந்ததும், பசியாறிவிட்டு நேரே அங்கேதான் போவார். கை இரண்டிலும் ஒட்டுப்பால் வாடை அப்படியே இருக்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சங்கீதம் சொல்லுவார். எந்த வசனம் எத்தனையாவது என்று தெரியாது. கத்தரிச் செடிக்கு எது, பாகற்கொடிக்கு எது என்று ஒரு வரிசை வைத்திருந்தார். நான் சிரித்தால், "ஒனக்கு நம்பர் தெரியும், எனக்கு இடம் தெரியும்" என்பார்.

படிக்கத் தெரியாதவருக்கு மனப்பாடம் எப்படி என்று கேட்பீர்கள். வாசித்துக் காட்ட ஆள் இருந்தது. எங்கள் லயத்தில் வேதக்கார வீடுகள் கொஞ்சம்தான். மற்றவை எல்லாம் மாரியம்மன் கோயிலைச் சேர்ந்த வீடுகள். நாடு முழுக்கவே நிலைமை இதுதான்: 2010 கணக்கெடுப்புப்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். சிரம்பானிலிருந்து போதகர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார், ஆயாக்கொட்டகையிலோ பள்ளிக்கூடத்திலோ ஆராதனை நடக்கும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் உபதேசியார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்து, என் அப்பா, பிறகு அக்கா, பிறகு நான் என்று கை மாறி வாசித்தோம். தவறாக வாசித்தால் எழுத்து தெரியாத அப்பாயி திருத்துவார்.

பட்டணத்துச் சபையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. கிறிஸ்மசுக்குத் தோட்டத்து லாரியில் ஏறிப் போவோம். அங்கே முன் வரிசைகளில் ரயில்வே கிராணி, பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். லயத்து ஜனம் பின்னால் உட்காரும். யாரும் போகச் சொல்லவில்லை, தானாகப் போய் உட்கார்ந்தோம் என்று சொல்லுவார்கள். தானாக ஒன்றும் நடப்பதில்லை. ஊரில் விட்டு வந்ததாகச் சொன்ன சாதியும் அந்த லாரியிலேயே ஏறி வந்திருந்தது. தோட்டத்து விசுவாசம் என்று சொல்லும்போது நான் அதை மினுக்கிக் காட்ட விரும்பவில்லை.

இனி சியாம், அதாவது தாய்லாந்து.

1942 செப்டம்பரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதையைத் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் சேர்ந்தன. போர்க் கைதிகள் போதவில்லை என்று மலாயாத் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டுவதையும் விட்டுவிட்டு லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கு மேல், பெரும்பகுதி தமிழர்கள். செத்தவர்கள் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். எந்த நூலை எடுத்தாலும் பல பத்தாயிரம். 1943 மழைக்காலத்தில் வந்த காலராவில் முகாம் முகாமாகப் போனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாயியின் அண்ணன் அப்படிப் போனவர். எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் வெள்ளைத்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதியிருக்கும். அண்ணனுடைய பெயருக்கு எதிரே 1943 என்றும், சியாம் என்றும் இரண்டே சொல். இறப்புக் கட்டம் காலி. அந்தக் கட்டத்தை நிரப்பலாமா என்று 1950களில் அப்பா கேட்டாராம். "செத்ததப் பாத்த ஆளு வந்து சொல்லட்டும்" என்று அப்பாயி விடவில்லை. இன்றைக்கும் அது காலிதான்.

ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை வருஷமும் வேதாகமம் எங்கே இருந்தது தெரியுமா? அரிசி மூட்டையே இல்லாத வீட்டில், அரிசிப் பானைக்குள். ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயம் இருந்ததா, பயம்தானா, தெரியாது. எடுத்து வாசிக்கிற பிள்ளையும் அப்போது இல்லை. அண்ணன்தான் வாசிப்பவர், அவர் போய்விட்டார். அந்த நாட்களில் மனதில் இருந்ததை மட்டும் வைத்து அப்பாயி ஓட்டியிருக்கிறார். அவர் அதிகமாகச் சொன்னது 23-ஆம் சங்கீதம் என்று நினைப்பீர்கள். 88. வேதாகமத்தில் இருப்பதிலேயே இருண்ட சங்கீதம் அது. ரட்சிக்கிற தேவனே என்று கூப்பிட்டுத் தொடங்குவதோடு சரி. பிறகு முழுக்க முறையீடு. சாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறேன், நண்பர்களைத் தூரமாக்கிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, கடைசிச் சொல்லும் இருட்டிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்பது போல. இதில் அது வராது.

இதை ஏன் சொன்னீர்கள் என்று பெரியவனான பிறகு கேட்டேன். "மத்ததெல்லாம் சொன்னா பொய்யி சொல்ற மாதிரி இருந்துச்சி. இத சொன்னா அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்த இருந்துச்சி." இதற்கு மேல் இறையியல் கல்லூரி எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளோடு பாதிரிமார் இருந்தார்கள். சிங்கப்பூர் சாங்கியில் 1942-இல் ஸ்டான்லி வாரன் என்கிற கைதி, வயிற்றுக்கடுப்பில் கிடந்து எழுந்து, கைதிகளின் மருத்துவமனைச் சிற்றாலயச் சுவரில் கிறிஸ்துவின் வாழ்க்கையை ஓவியமாக வரையத் தொடங்கினார். அந்தச் சுவர் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. காஞ்சனபுரிக் கல்லறையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கைதிகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. நம் ஆட்களுக்குப் பாதிரி இல்லை, பூசாரி இல்லை, போதிய மருத்துவர் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாரன் வரைந்தது பெரிய காரியம். ஆனால் இருவர் பட்ட பாடும் ஒன்று என்று யாராவது பிரசங்கத்தில் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

நெகிரி செம்பிலானிலேயே அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் உணவு தட்டுப்பட்டதால், கத்தோலிக்கர்களையும் யுரேசியர்களையும் 1943 கடைசியில் பகாவ் காட்டுக்குக் குடியேற்றினார்கள். ஃபூஜி கிராமம் என்று ஜப்பானியர் பெயர் வைத்தார்கள். பெயரில்தான் பனி, இடத்தில் மலேரியா. பயிர் பிடிக்காத மண். கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் டெவால்ஸ், பிரெஞ்சுக்காரர், தானும் வந்து அவர்களோடு மண் கொத்தினார். மண்வெட்டியால் காலில் பட்ட காயம் ஏற்பு நோயாகி, 1945 ஜனவரியில் இறந்தார். பகாவ் தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் சியாமுக்குப் போய் லயங்கள் பாதி காலியாகக் கிடந்த அதே நேரம், சில மைல் தள்ளி ஓர் ஆயர் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்த ஆயர் அனனியாவைப் போலத் தன் ஜனத்துக்கு இரண்டு வருஷம் என்று கெடு சொல்லவில்லை. கூடப் போனார், அவ்வளவுதான்.

சாவு வீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டு இந்தக் காலத்துக்கு வருகிறேன். எங்கள் லயத்தில் வேதக்கார வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி வைப்பது மாரியம்மன் கோயில் வீட்டுப் பெண்கள்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு, செத்தவரின் குணத்தையும் விட்டுப்போன பிள்ளைகளையும் வரிசையாகச் சொல்லி அழுவார்கள். வந்த உபதேசியார் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் போல அழக்கூடாது, பாமாலை பாடுங்கள் என்றார். அப்பாயி விடவில்லை. "எரேமியா ஒப்பாரிக்காரியக் கூப்புடச் சொல்லியிருக்காருல்ல?" என்றார். உபதேசியார் புரட்டிப் பார்த்தார். இருந்தது, 9-ஆம் அதிகாரம். அழத் தெரிந்த பெண்களைக் கூப்பிடுங்கள், மகள்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அன்றைக்கு ஒப்பாரியும் நடந்தது, பாமாலையும் நடந்தது.

போருக்குப் பிறகு ஜெபம் மட்டும் நடக்கவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பி.பி. நாராயணன் தொழிற்சங்க வாழ்க்கையைத் தொடங்கியது நெகிரி செம்பிலானில்தான். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டி நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். எங்கள் வீட்டில் சபைக் காணிக்கை உறையும் சங்கச் சந்தா ரசீதும் ஒரே தகர டப்பாவில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் அப்பாவுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணச் சொன்ன கடிதம், சந்தா கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லையே.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைந்தது. 1990களில் நீலாய், லாபு பக்கம் நிலத்தின் விலை ஏறியது; 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. எங்கள் தோட்டமும் கை மாறியது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கடிதம் வந்தது, கணக்கு முடித்தார்கள், லயம் இடிந்தது. மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி கிடைத்தது. அப்பாயி அதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய கத்தரிச் செடி நின்ற இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. லயத்தில் பக்கத்து வீடாக இருந்த வேதக்காரர்கள் நாலு திசைக்குச் சிதறினார்கள். சபைக்கு அது பெரிய அடி. தோட்டம் இருந்தவரை ராத்திரி ஜெபத்துக்கு வாசல் தாண்டினால் போதும். இப்போது வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும், பாதுகாவலரிடம் அடையாள அட்டை காட்ட வேண்டும்.

இதற்கு நடுவில் என் தம்பிக்குச் சிறுநீரகம் போனது.

மலேசியாவில் ரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். நம் இன வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். வேலை போனது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள், அதில் சந்தேகமில்லை. முக்கால்வாசிப் பேர் வாழைப்பழச் சீப்போடும் இளநீரோடும் வந்தார்கள். இரண்டும் அவனுக்கு விஷம். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். வந்த சீப்புகளை எல்லாம் அம்மா எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல காலம்.

ஒரு ஊழியக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், மேடையில் பெரிய கூட்டம் சேர்க்கிறவர். எரேமியா 29:11-ஐ எடுத்தார். கையை வைத்து ஜெபித்தார். மூன்று மாதத்தில் மெஷின் தேவைப்படாது என்றார். நான் மனதுக்குள் அனனியாவை நினைத்தேன், வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தவர், மெஷின் நிற்காததைப் பார்த்துவிட்டு, வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா எழுந்து நின்றார். "ஐயா, டீ ஆறிப்போச்சு. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். எங்கள் வீட்டில் ஊழியக்காரரை யாரும் அதுவரை அப்படி அனுப்பியதில்லை.

யோபுவின் நண்பர்களை எல்லாரும் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் வந்ததும் முதலில் செய்ததைப் பாருங்கள்: ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

தம்பிக்கு அப்படி வந்து உட்கார்ந்தவர் பழைய லயத்தில் எங்கள் எதிர் வீட்டு அத்தை. வேதக்காரர் இல்லை, ஆடி மாதம் தீ மிதிப்பவர். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "என்னா சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னாரு?" என்பது. அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய், அடுத்த வாரம் அதன்படியே சமைத்துக் கொண்டுவந்தார். உப்பில்லாத மீன் குழம்பு எப்படி அவ்வளவு ருசியாக இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. புறப்படும்போது, "ஒங்க பாட்டி ராத்திரியில சொல்லுவாங்களே ஒன்னு, இருட்டு இருட்டுன்னு வரும், அத படிச்சுக் காட்டு தம்பிக்கு" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வாரமே சுத்திகரிப்பு மையத்தில், மெஷின் சத்தத்துக்கு நடுவில், 88-ஐ வாசித்தேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றான். அவ்வளவுதான் என்றேன். "பரவால்ல. இந்த ஆளு நடிக்கல" என்றான். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர் என்னவென்று கேட்க, தம்பியே மலாயில் அரைகுறையாகச் சொன்னான். பெரியவர் தலையாட்டினார். அதன் பிறகு அவன் கேட்டால்தான் வாசிப்பேன். கேட்காத நாளில் கால்பந்து பார்ப்போம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடே வீட்டுக்குள் அடைந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டருக்கு ஆலயக் கதவு மூடியிருந்தது. தம்பிக்கு மட்டும் வெளியே போக அனுமதி, மெஷினுக்கு. சபைக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்த அந்த ஈஸ்டர், தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அவ்வளவு புதிதாக இல்லை. போதகர் மாதத்துக்கு ஒரு தடவை வந்த காலம் ஞாபகம் வந்தது. பழைய லயத்துக் குடும்பங்களைச் சேர்த்து வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு தொடங்கினோம். ராத்திரி எட்டரைக்கு ஒரு வீட்டுப் பிள்ளை ஒரு அதிகாரம் வாசித்துக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். வெட்டாமல், முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை. தமிழ்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் திக்கித் திணறினார்கள். பெரியவர்கள் குழுவிலேயே திருத்தினார்கள். கட்டுப்பாடு முடிந்தும் அந்தக் குழு நிற்கவில்லை. எதிர் வீட்டு அத்தையும் அதில் இருக்கிறார். ஒன்றும் எழுதமாட்டார், கேட்டதற்கு அடையாளமாக ஒரு கும்பிடு மட்டும் போடுவார்.

அட்டை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன், தட்டு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? எடுத்த வசனத்தை வீட்டில் போய் அதிகாரம் முழுவதும் ஒரு தடவை வாசித்துவிட்டு மாட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். எரேமியா 29 வந்தால் 28-இலிருந்தே தொடங்குங்கள். நோயாளி வீட்டுக்குப் போனால் இளநீர் வாங்குமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. உங்கள் வீட்டிலும் தோட்டத்துக் காலத்து வேதாகமம் ஒன்று இருக்கலாம். முதல் வெள்ளைத்தாள்களில் கையால் எழுதியது இருந்தால், கரையான் அரிக்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பெயர், ஆண்டு, தோட்டம் மூன்றையும் தெளிவாகத் தனித் தாளில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் சபை அலுவலகத்தில் கொடுங்கள். சியாமுக்குப் போனவர் பெயர் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிற ஒரே இடம் அதுதான்.